ஆரோ என்று கையெழுத்திட்ட இருவர்

செய்தி வந்தபோது அவர் பெயரை எழுதி முடித்திருந்தேன். செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். அண்ணனூரில் எங்கள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து, அந்த வாரச் சிறுகதைக்கான படத்தை டேப்லெட்டில் வரைந்துகொண்டிருந்தேன். ரேஷன் கடை வரிசையில் மடக்கிய குடையோடு ஒரு பெண். வலது கீழ் மூலையில் ‘ஆரோ’ என்று போட்டு, கடைசித் துணைக்காலை நீளமாக இழுத்து அடியில் ஒரு வளைவு கொடுத்த நேரத்தில் போன் அடித்தது. அவர் மனைவி மெர்சி அக்கா. “அவரு போய்ட்டாரும்மா,” என்றார்.  போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுப்பதும், தெருவில் பஸ் ஹாரன் அடிப்பதும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தன.

ஆரோ என்ற பெயரில் முப்பது வருடங்களாகக் கதைகளுக்குப் படம் போட்ட ஆரோக்கியதாஸ், குளித்துவிட்டு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து நான்கு வயது. அன்று மாலை பாரிவாக்கத்தில் அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தபோது வார இதழின் ஆசிரியர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். முதலில் இரங்கல். அதற்கடுத்து ஒரு கேள்வி: இந்த வாரப் படத்தை அவர் முடித்துக் கொடுத்திருந்தாரா? கொடுத்திருந்தால் அதை அவருடைய கடைசிப் படமாகவே வெளியிடலாம். படங்களை அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பது எப்போதும் நான்தான் என்பதால் என்னிடம் கேட்டார். நான் அனுப்பிவிட்டேன். உள்ளே அவர் ஐஸ் பெட்டியில் கிடந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் பெயரில் ஒரு படத்தை அனுப்பினேன்.

அந்தப் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். கறுப்புக் கட்டத்துக்குள் முழுப் பக்கத்தில் வந்தது. கடைசிவரை தளராத கோடு என்று உங்களில் பலர் எழுதினீர்கள். அதில் ஒரு கோடும் அவருடையது இல்லை. அவர் அதைப் பார்க்கவும் இல்லை. இதழில் அச்சாகும் முகங்கள் அவருக்குத் தெரியாமல் போய் மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. இதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு வழி தெரியவில்லை. மெர்சி அக்கா முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு ஏன் சம்மதித்தார் என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

நான் அவரிடம் கற்றுக்கொள்ளப் போனவள் இல்லை. அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் செயலிகளுக்குப் பொத்தான்களும் குட்டி உருவங்களும் வரைந்துகொண்டிருந்தேன். வாசிப்பு அதிகம், கதைகளுக்குப் படம் போட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. வேலையை விட்டுவிட்டு வார இதழுக்கு மாதிரிகள் அனுப்பினேன். பதிலாக ஒரு போன் எண் வந்தது. ஆரோ சாருக்கு வண்ணம் போட ஆள் வேண்டும், அவர் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார், போய்ப் பாருங்கள் என்றார்கள். ஆவடியில் இறங்கி பூந்தமல்லி பஸ் பிடித்துப் போனேன். மாடி வீடு. ஜன்னலுக்குக் கீழே பஸ் நிறுத்தம். என் மாதிரிப் படங்களை நான் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் அவற்றைக் கேட்கவே இல்லை.

“தோ பாரும்மா, நான் கத்துக்குடுக்கிற ஆளு இல்ல. எனக்கும் எவனும் கத்துக்குடுக்கல,” என்றார். “கோட்ட நான் போட்டுக் குடுப்பேன். உள்ள கலர் போடறது உன் வேல. கோட்டுக்கு வெளிய வந்துச்சுன்னு வெச்சுக்க, அப்டியே நடந்து ஆவடிக்குப் பூடு.”

மூன்று வருடங்கள் அப்படித்தான் போயின. சனிக்கிழமை கதை வரும். திங்கட்கிழமை அவர் கோடு போட்ட தாளைப் படமெடுத்து மெர்சி அக்கா எனக்கு அனுப்புவார். செவ்வாய் மாலைக்குள் வண்ணம் முடித்து அலுவலகத்துக்கு அனுப்புவேன். நடுவில் சிறுவர் நூல்கள், ஒரு பதிப்பகத்தின் அட்டைப்படங்கள். அவருடைய ஆண்கள் எல்லோரும் ஜன்னலுக்குக் கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள். பெண்களுக்கெல்லாம் மெர்சி அக்காதான். பூந்தமல்லியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் அவர் மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே, கைப்பையை இறக்க விடாமல் ஆரோ சார், “மெர்சி, அப்டியே நில்லு. கொஞ்சம் அழுவப் போற மாதிரி நில்லு,” என்பார். “அதுக்குத் தனியா ஒண்ணும் செய்யத் தேவையில்ல,” என்று சொல்லிக்கொண்டே அக்கா நிற்பார்.

கதையைப் படிக்காமல் அவர் படம் போட்டதில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு அரிது என்று தெரியும். பெரும்பாலும் உதவி ஆசிரியர் போனில் இரண்டு வரி சொல்வார்: ஹீரோ, ஹீரோயின், மழை, பஸ் ஸ்டாண்டு. அதை வைத்தே பலர் போட்டுவிடுவார்கள். இவர் படித்தார். படித்ததால் ஒரு தப்பும் செய்தார். அதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்ததுண்டு. ஒரு கதை. கணவன் சமைத்துவைத்துவிட்டு, அலுவலகத்திலிருந்து மனைவி வருவாள் என்று மூன்று பக்கம் காத்திருக்கிறான். மனைவி செத்து ஒரு வருடம் ஆகிறது என்பது கடைசி வரியில்தான் தெரியும். அந்தக் கதை மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டதால், இவர் கணவனைச் சமையலறையில் நிறுத்திவிட்டு, பின்சுவரில் மாலை போட்ட பெண் படம் ஒன்றையும் மாட்டிவிட்டார். அந்தப் படம் அச்சானது கதையின் முதல் பக்கத்தில். எழுத்தாளர் போன் செய்து, தான் மூன்று பக்கம் பாடுபட்டு மறைத்துவைத்தவளைத் தலைப்புக்குப் பக்கத்திலேயே சாகடித்துவிட்டீர்களே என்று கத்தினாராம். அதன் பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். முக்கால் கதை படிப்பார், படம் போடுவார், மீதியை அப்புறம் படிப்பார். “எழுதுறவன் மூடி வெக்கிறத நாம தொறந்து காட்டக் கூடாதும்மா,” என்பார். “ஆனா உள்ள இன்னா கீதுன்னு தெரியாத மாதிரியும் போடக் கூடாது.”

நான்காம் வருடம் ஒரு திங்கட்கிழமை வந்த தாளில், பேருந்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் கண்கள் ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாக இருந்தன. மூக்கு கன்னத்தில் இருந்தது. வேண்டுமென்றே செய்திருக்கிறாரோ என்று நினைத்து அப்படியே வண்ணம் போட்டேன். அலுவலகத்தில் சிரித்தார்கள். அடுத்த வாரத் தாளில் எல்லாம் இருந்தது, சேலைக் கரையின் ஒவ்வொரு புள்ளியும், ஜன்னல் கம்பியின் துருவும்கூட. பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. நேரில் போனேன். அவர் என்னைப் பார்க்காமல் என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டு பேசினார்.

“நேரா பாத்தா ஆளு காணாம பூடறான். பக்கத்துல பாத்தா கீறான்,” என்றார்.

விழித்திரையின் நடுவில் சேதம். சுற்றியிருப்பது தெரியும், எதைப் பார்க்க வேண்டுமோ அது தெரியாது. போன பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதாக மெர்சி அக்கா சொன்னார். அவர் அந்தத் தாளை என் பக்கம் தள்ளி, “இந்த வாட்டி மட்டும் மூஞ்சிய நீ போட்டுடு,” என்றார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஏன் என்றேன். “சொன்னா இரக்கப்படுவானுங்க. இரக்கப்பட்டுகினே கதைய வேற ஆளுக்குக் குடுத்துடுவானுங்க.” அந்தப் பெண்ணுக்கு முகம் போட்டேன். புருவத்திலிருந்து நுனிவரை ஒரே இழுப்பில் வரும் அவருடைய மூக்கையே போட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அன்று ஆவடி பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

‘இந்த வாட்டி மட்டும்’ என்பது இரண்டாம் முறையும் வந்தது, மூன்றாம் முறையும் வந்தது. ஆறு மாதத்தில் தாள் வருவது நின்றுவிட்டது. அதற்குப் பதில் திங்கட்கிழமை காலை போனில் நான் கதையைப் படித்துக் காட்டுவேன். முக்கால்வாசியில் நிறுத்தச் சொல்வார். பிறகு வாயாலேயே படத்தைச் சொல்வார். பெண் வாசலில் நிற்கிறாள் என்று நான் ஆரம்பித்தால், “வாசல்ல வேணாம். முப்பது வருசமா எல்லாக் கதைலயும் வாசல்ல நின்னு அவளுக்குக் கால் வலிக்கிது. பீரோ பக்கத்துல நிறுத்து,” என்பார். கட்டிலை எங்கே போடுவது, விளக்கு எந்தப் பக்கம், ஆண் எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் எல்லாம் அவர் சொல்வார். நான் வரைவேன். கையெழுத்தையும் நான்தான் போட்டேன். முதல் முறை அதைப் போடுவதற்கு முன் தனித்தாளில் பலமுறை எழுதிப் பழகினேன். 

பூந்தமல்லியில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டில் உங்களில் சிலர் இருந்தீர்கள். மேடையில் வெள்ளைப் பலகை ஒன்றை வைத்து, மார்க்கரைக் கையில் கொடுத்து, ஒரு படம் போடுங்கள் ஆரோ சார் என்று கேட்டுவிட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து போய்த் தடுக்கவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. அவர் பலகைக்கு முன் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து நின்றார். பிறகு மளமளவென்று ஒரு கூட்டம் போட்டார். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் முதுகு காட்டி நிற்கிறார்கள். பின்னல், வழுக்கை, தோளில் குழந்தை. ஒரு முகம்கூட இல்லை. கைதட்டல் அடங்க நேரமானது. இதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவர் கேட்டார். “கூட்டத்துக்கு ஏதுங்க மூஞ்சி,” என்றார். அதற்கும் கைதட்டினார்கள். ஆட்டோவில் திரும்பும்போது அவர் கை என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தது. “இன்னிக்கித் தப்பிச்சேன். எத்தினி நாளு முதுவயே போட்டுகினு இருக்கிறது,” என்றார்.

அவர் மாட்டிக்கொண்டிருந்ததை மட்டும்தான் அப்போது பார்த்தேன். நானும் உள்ளேதான் இருக்கிறேன் என்பது ஒரு பதிப்பகத்தில் தெரிந்தது. என் பெயரில், எனக்காக வரைந்த எட்டுப் படங்களை எடுத்துக்கொண்டு ஒரு சிறுவர் நாவலுக்கு வாய்ப்புக் கேட்டுப் போயிருந்தேன். அந்தப் பதிப்பாளர் பொறுமையானவர். எட்டையும் மேஜையில் பரப்பிப் பார்த்தார். “ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா இது அப்படியே ஆரோ. அவர்கிட்ட வேலை பாக்கிறீங்க, கை அப்படிப் போயிடுச்சு. ஆரோவே இருக்கும்போது இன்னொரு ஆரோ எதுக்கு, சொல்லுங்க,” என்றார். அவர் மேஜையில் எங்கள் வார இதழ் திறந்து கிடந்தது. அதில் ஆரோ என்ற பெயரில் இருந்த படமும் நான் வரைந்ததுதான். அதைச் சொல்ல வாயைத் திறந்தால் இன்னொருவர் வேலை போய்விடும். எட்டுப் படங்களையும் அடுக்கி உறையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நேராகப் பாரிவாக்கம் போய் அவரிடம் சொன்னேன். அழுதும்விட்டேன்.  அவர், “மூக்க மாத்திப் போட்டுப் பாரு,” என்றார். நான் அதை உண்மையாக எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதம் வேறு மூக்குகள் வரைந்தேன். அண்ணனூர் ஸ்டேஷனில் உட்கார்ந்து, ஷெட்டிலிருந்து ரயில்கள் வருவதையும் போவதையும் பார்த்தபடி, எதிர் பிளாட்பாரத்து மூக்குகளை வரைந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் அவருடையதாகவே தெரிந்தன. புதன்கிழமை எனக்குக் காலியாக இருக்கும். வியாழக்கிழமை இதழ் வரும், அதில் என் படம், அவர் பெயர். சனிக்கிழமை அடுத்த கதை வரும்.

ஒரு வாரம் அவர் போனை எடுக்கவில்லை. திங்களும் போய்ச் செவ்வாய் வந்தது. காலை பத்து மணிக்கு வாட்ச்மேன் கீழேயிருந்து கூப்பிட்டார். யாரோ ஒருவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், எந்த வீடு என்று சொல்லத் தெரியவில்லை, ‘கலர் போடுற பொண்ணு ஊடு’ என்று மட்டும் சொல்கிறார் என்றார். பஸ் நம்பர் படிக்க முடியாதவர், ஆவடி வந்து, ரயில் ஏறி, அண்ணனூரில் இறங்கி, நடந்து வந்திருக்கிறார். எப்படி சார் வந்தீங்க என்றேன். “ஒரே ஸ்டேஷன். அதுக்கு இன்னாத்துக்குக் கண்ணு,” என்றார். சட்டையில் ஒரு பக்கம் சுவரில் உரசிய சுண்ணாம்பு இருந்தது.

அம்மா கொடுத்த காபியை அவர் தொடவில்லை. ஆசிரியருக்குப் போன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன், நீயும் கேள் என்றார். நான்தான் எண்ணை அழுத்தினேன்.

“ஆரோ சார், உங்களுக்கு நூறு ஆயுசு,” என்றார் ஆசிரியர். “இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிட்டு இருந்தோம். வயசாக ஆகக் கோடு இளசாயிட்டே போகுதே, என்ன சார் ரகசியம்?”

அவர் வாய் திறந்தது. டீபாய் மேல் கிடந்த போன் பக்கம் குனிந்திருந்தார். நேர் எதிரே இருந்த அந்தப் போன் அவருக்குத் தெரிந்திருக்காது. 

“ரகசியம் இன்னா சார்,” என்றார். “உக்காந்த எடத்துல உக்காந்து கீறேன், அவ்ளோதான். இந்த வாரப் படம் சாயங்காலம் வந்துடும்.”

போன் அணைந்த பிறகு முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “முடியலம்மா,” என்றார். பரவாயில்லை சார் என்றேன். அது பொய். ஆனால் அவர் கிளம்பிய பிறகு அந்தக் கதையைப் படித்தேன், படம் போட்டேன், மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. கடைசி ஒரு வருடம் அவர் வாயால் சொல்வதும் நின்றுபோனது. கதையைப் படித்துக் காட்டினால், “நீயே பாத்துக்க,” என்பார். பிறகு, முடிவை மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்பார்.

அவர் போன பிறகு நண்பர்கள் சேர்ந்து அவர் படங்களைத் தொகுத்து ஒரு மலர் கொண்டுவர முடிவுசெய்தீர்கள். வண்ணம் தீட்டியவள் என்ற முறையில் என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டீர்கள். அட்டைக்கு நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தது குடைப் பெண். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த மறுநாள், படங்களை எடுத்துவர நான் பாரிவாக்கம் போனேன். கண்ணைப் பற்றி எழுதப்போகிறேன் என்று மெர்சி அக்காவிடம் சொன்னேன்.

“வேணாம் நித்யா,” என்றார். “அவரே சொல்லாதத நாம சொல்லக் கூடாது. எத்தன பேரு வந்து என் கையப் புடிச்சு அழுதாங்க. இப்ப போய், இத்தன நாளா வரஞ்சது வேற ஒருத்தின்னா, அவங்க அழுதது என்னத்துக்கு ஆகும்?”

அப்படியானால் நான் எழுதவில்லை, வேறு யாராவது எழுதட்டும் என்றேன். அக்கா பீரோவிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். இதழ்களிலிருந்து வெட்டிவைத்த பக்கங்கள். தேதி எதுவும் இல்லை. முன்னும் பின்னுமாகக் கலந்து கிடந்தன. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு பக்கமாக வைக்க ஆரம்பித்தார். இது அவரு, இது அவரு, இது நீ, இது அவரு, இது நீ. ஒரு பக்கத்தில்கூட அக்கா தயங்கவில்லை. ஒன்றுகூடத் தப்பவில்லை. இருபது முப்பது பக்கங்களுக்கு மேல் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. எப்படிக்கா தெரிகிறது, எல்லாம் ஒரே மூக்குதானே என்றேன்.

“மூக்க யாரு பாத்தா. அவரு பொம்பளைங்க நிறுத்தின எடத்துல நிப்பாங்க. நின்னவ நான், எனக்குத் தெரியாதா,” என்றார். “உன் பொம்பளைங்களுக்கு ஒரு குதிகால் தூக்கியிருக்கும். எங்கயோ கெளம்பப் போற மாதிரி. பாரு.”

பார்த்தேன். பீரோ பக்கத்தில் நிற்பவள், கிணற்றடியில் குனிந்தவள், ரேஷன் வரிசையில் குடையோடு நிற்பவள். எல்லோருக்கும் ஒரு குதிகால் தரையில் இல்லை. மூன்று வருடம் வரைந்தவளுக்கு அது தெரியாது. இரண்டு மாதம் மூக்குகளோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அக்கா அடுத்த பக்கத்தை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார். வியாழக்கிழமைதோறும் இதழ் வந்ததும் அவருக்குப் படத்தை விவரித்துச் சொல்வது அக்காவின் வேலை. ஒரு முறை, இவள் வேறு மாதிரி நிற்கிறாளே, நீங்கள் வரையும் பெண் மாதிரி இல்லையே என்று சொல்லியிருக்கிறார். எப்படி நிற்கிறாள் என்று அவர் கேட்டிருக்கிறார். சொல்லத் தெரியாமல் அக்கா எழுந்து அதே மாதிரி நின்று காட்டியிருக்கிறார்.

“குனிஞ்சு என் குதிகாலத் தொட்டுப் பாத்தாரு. சிரிச்சாரு. ‘அந்தப் பொண்ணுக்குனு ஒரு கோடு வந்துச்சு மெர்சி’ன்னாரு. அவகிட்ட சொல்லலாமேன்னேன். ‘சொல்லாத. சொன்னா பூடுவா’ன்னாரு. நானும் சொல்லல.”

எப்போது என்று கேட்டேன்.

“நீ அந்தப் பதிப்பகத்துலருந்து அழுதுகிட்டு வந்தியே. அதுக்கு முன்னாடி.”

எனக்கு எழுந்து போய்விட வேண்டும்போல் இருந்தது. எழவில்லை. கீழே ஒரு பஸ் நின்று, ஆள் ஏறி, கிளம்பியது. மூக்கை மாற்றிப் போட்டுப் பார் என்று சொன்னபோது அவர் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். வரவில்லை. அவர் எப்போதும் கொஞ்சம் திரும்பித்தான் இருந்தார்.

“கண்ணப் பத்தி எழுது,” என்றார் அக்கா. “இதையும் எழுது. ஒண்ண விட்டுட்டு ஒண்ண எழுதாத. கண்ண மட்டும் எழுதுனா அவரு பாவம்னு ஆயிடும், இத மட்டும் எழுதுனா பாவின்னு ஆயிடும். ரெண்டுமா இருந்தாரு. நானும் வாய மூடிட்டுத்தான இருந்தேன்.”

ஆகவே எழுதியிருக்கிறேன். மலர் தயாரிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்று இரண்டாகப் பிரிக்க ஆரம்பித்த பக்கங்கள் சாயங்காலம் மூன்றாக முடிந்தன. ஒன்று அவர் வரைந்தவை. ஒன்று நான் வரைந்தவை. மூன்றாவது, அவர் போனில் இடம் சொல்லி நான் வரைந்தவை. அவற்றில் மட்டும் அக்கா ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். சிலவற்றில் குதிகால் தூக்கியிருந்தது, ஆனாலும் பெண் அவருடையவளாக நின்றாள். அவற்றுக்குக் கீழே இரண்டு பெயரும் வரட்டும். மற்றவை அவரவர் பெயரில் வரட்டும். அட்டையில் குடைப் பெண் இருக்கலாம் என்று நீங்கள் நினைத்தால் இருக்கட்டும், ஆனால் அது என் பெயரில் இருக்க வேண்டும். அவருடைய மலருக்கு அவர் படமே அட்டையாக இருப்பதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. மெர்சி அக்கா அழப்போவதுபோல் நிற்கும் எத்தனையோ படங்கள் இருக்கின்றன. அந்தத் தளர்ந்த தோளை என்னால் என்றைக்கும் வரைய முடியாது. அது வாசலில் நுழைந்தவளை அந்த நொடியே நிறுத்தத் தெரிந்தவரின் கோடு.

அவரிடமிருந்து நான் என்ன வைத்துக்கொள்கிறேன் என்று பலர் கேட்டுவிட்டார்கள். பேனாக்களை அக்கா கொடுத்தார், வேண்டாம் என்றேன். நான் வைத்துக்கொள்வது அவர் எனக்குச் சொல்லாத அந்த வாக்கியத்தை. என் வேலையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அதற்குள்தான் இருக்கிறது, ஒரு கதவைச் சாத்துகிற வார்த்தையோடு சேர்ந்து. இந்த ஒரு மாதமாக அதைப் பிரித்தெடுக்கப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன், கடைசிவரை கூடவே இருந்திருப்பேன் என்று முடிக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அஞ்சலிக்கு அதுதான் அழகு. ஆனால் உங்களுக்காக நான் போட்ட பொய்கள் போதும்.

போயிருப்பேன், சார்.